புதைகாட்டில் காய்ச்சல் செடி

எங்கள் அத்தையிடம் ஒரு வேலையைச் செய்யாதே என்று சொல்வதும், அந்த வேலைக்கு அவளையே ஆள் வைப்பதும் ஒன்றுதான். அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள். லிந்துலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில், தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடையில் அவளுக்கு வேலை. எனக்கு அப்போது ஏழு வயது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது. தோட்டத்தை நடத்தும் தொரை மாறியிருந்தார். மற்றபடி எல்லாம் பழையபடியே நடந்தது.

தேயிலை முடியும் இடத்துக்கு மேலே, பனி விலகாத புல்மலையில் ஒரு செடி இருந்தது. முழங்கால் உயரம்கூட வராது. வெளிர்நீலத்தில் சின்னச் சின்னப் பூ. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் அதற்குக் காய்ச்சல் செடி என்று பெயர். சரியான பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காய்ச்சிக் குடித்தால் காய்ச்சல் விட்டுவிடும் என்பார்கள். அந்தக் கசப்புக்குப் பயந்தே விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. தோட்டத்து மருந்துக் காம்பராவில் எந்த நோய்க்கும் ஒரே ரோஸ் நிறத் தண்ணீர்தான் என்பதால், ஆளாளுக்கு மலையேறி அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வந்தார்கள். போதாததற்கு, தொழிற்சாலை விறகுக்கென்று அந்த மலையில் பாதியை வெட்டித் திருப்பி யூக்கலிப்டஸ் நட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தை தேடியதில் ஒன்பது செடிதான் கிடைத்தது. நெற்று முற்றும்வரை காத்திருந்து விதையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள்.

விதை தூசி மாதிரி இருக்கும். முதல் தடவை லயத்து வாசலில் போட்டாள், முளைக்கவே இல்லை. இரண்டாம் தடவை நாற்றுமேடையில், கிழிந்து ஒதுக்கிய பொலித்தீன் பைகளில் போட்டாள். முளைத்தது, தேயிலைக்குப் போடும் உரம் பட்டு வெந்துபோனது. அப்புறம்தான் அந்தச் செடிக்கு அது பிறந்த மலையின் கறுத்த மண் வேண்டும், நிழல் ஆகாது, உரம் விஷம் என்றெல்லாம் கண்டுபிடித்தாள். மேலேயிருந்து மண் சுமந்துவந்து போட்டாள். மூன்றாம் தடவை நாற்பது பை தழைத்து நின்றது. அதைக் கங்காணி பார்த்துவிட்டார்.

தோட்டத்து மண்ணில் தோட்டத்தைக் கேட்காமல் எதுவும் நடக்கூடாது. நாற்பது பையையும் மழைத்தண்ணீர் ஓடும் கானில் கவிழ்த்தார் கங்காணி. இன்னொரு தரம் பார்த்தால் பேரை வெட்டிவிடுவேன் என்றார். பேர் வெட்டினால் வேலை போகும், வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அத்தை தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். சாயங்காலம் கானுக்குள் இறங்கி, உயிர் இருந்ததை எல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

அவள் அதைக் கொண்டுபோன இடம், செத்தவர்களைப் புதைக்கும் புதைகாடு. அதிலும் பாதி மரம் நடப் போய்விட்டது; மிச்சம் மலையின் உச்சியில், யூக்கலிப்டஸ் ஏறாத மூலையில் இருந்தது. அதே கறுத்த மண், அதே பனி. தோட்டத்தில் யாரும் புல் வெட்டாத, உரம் போடாத, கணக்குப் பார்க்காத மண் அது ஒன்றுதான். அங்கே நாலு பாத்தி எடுத்தாள். கங்காணி கண்ணில் பட்டாலும் சந்தேகம் வரக்கூடாது என்று, பாத்தியைப் பிள்ளைக்குழி அளவுக்கு மேடாகக் குவித்து, சுற்றிக் குச்சி நட்டு, தலைமாட்டில் ஒரு கல்லும் வைத்தாள். தண்ணீர் தூக்குவது என் வேலை. செடியைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

நான் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போன ஒரு நாள் வாத்தியார் காரணம் கேட்டார். புதைகாட்டுக்குப் போனேன் என்றேன். யார் செத்தது என்றார். செடி என்று சொல்லக்கூடாதே! நாலு குழந்தை செத்துப்போச்சு சார் என்றேன். அத்தையைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று கணக்குக்கூட எனக்குச் சரியாக வந்தது.

நாலு குழந்தை என்றதும் வாத்தியார் தொற்றுநோய் என்று பயந்து மருந்துக்கார ஐயாவிடம் ஓடியிருக்கிறார். தோட்டத்தில் பிறப்பு, இறப்பு எழுதுகிறவர் அவர்தான். அவர் புத்தகத்தில் அந்த மாதம் ஒரு சாவும் இல்லை. மறுநாள் பகலில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு கங்காணியோடு மலையேறினார். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் பின்னால் போனார்கள். அத்தை எல்லாருக்கும் முன்னால் போய்ப் பாத்திகளுக்குக் குறுக்கே நின்றாள். நான் அம்மா இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கங்காணிக்கு இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. செத்தது பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை, இவளுடைய செடிதான் என்று மருந்துக்கார ஐயாவிடம் சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அத்தை நகரவில்லை.

"பேரை வெட்டுங்க. செடிய வெட்ட விடமாட்டேன்," என்றாள்.

யாரும் மண்வெட்டி கொண்டுவரவில்லை. கங்காணியே போய் எடுத்துவந்தார். அவர் முதல் மேட்டில் கால் வைக்கப் போனபோது, அவருடைய சம்சாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அதுல கால வைக்காதீங்க. அது எம் புள்ள குழி."

கங்காணி அவளை முறைத்தார். பைத்தியமா உனக்கு என்று கேட்டார்.

"அஞ்சு வருசத்துக்கு முன்ன, சித்திரையில. ஐயாதான் பொஸ்தகத்துல எழுதுனாங்க. பொதைச்ச எடத்துல மரத்த நட்டுட்டீங்க. இங்க கொண்டாந்து வச்சிருக்கோம். எனக்கு மட்டுமா, ஒங்களுக்குந்தான் அவன் புள்ள."

கங்காணி மண்வெட்டியைக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாத்திக்குத் தண்ணீர் சுமந்ததே நான்தானே. அடுத்து, வேதக்கார அக்கா ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு, மூன்றாவது தன்னுடையது என்றாள். பிறகு யாரும் எதிர்பாராமல் என் கையை விலக்கிவிட்டு அம்மா போனாள். அம்மா கங்காணிக்கு எதிரே நிமிர்ந்துகூடப் பேசாதவள்.

"ரெண்டாவது எனக்குங்க. ஆம்பளப் புள்ள. பதினோரு நாளு இருந்தான்."

அதற்குப் பிறகும் மூன்று பேர் வந்தார்கள். நாலு மேட்டுக்கு ஆறு தாய்மார் ஆகிவிட்டது. மருந்துக்கார ஐயா புத்தகத்தைப் புரட்டினார். சில பக்கங்களில் விரலை வைத்து நின்றார். பிறகு புத்தகத்தை மூடி, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முதல் மேட்டருகிலேயே நின்றுவிட்டு அவரும் போனார். அத்தையின் பேரை யாரும் வெட்டவில்லை. அடுத்த வாரம் அவள் புதிதாக இரண்டு பாத்தி எடுத்தாள். கணக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். இனிமேல் நுனியை மட்டும் கிள்ள வேண்டும், வேரில் கை வைக்கிறவள் கையை முறிப்பேன் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கென்று கங்காணி வீட்டிலிருந்தே ஆள் வந்தது.

அன்று மலை இறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு பொம்பளைகள் சேர்ந்து மருந்துக்கார ஐயாவையே ஏமாற்றிவிட்டார்கள்; அதில் என் அம்மாதான் அருமையாகச் செய்தாள். பதினோரு நாள் என்று கணக்கெல்லாம் சொன்னாளே, எனக்குக்கூட அப்படித் தோன்றியிருக்காது.

"எல்லாரையும்விட நீதாம்மா நல்லாப் பொய் சொன்ன," என்றேன்.

அம்மா நின்றாள். கூடையைத் தோளுக்கு மாற்றி, ஏழு வயதுப் பிள்ளையான என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். நல்ல பொய்க்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, லயம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்னதில் பொய் அந்த மண்மேடு மட்டும்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.