மேகம் என்று படித்த சொல்

சண்முகவடிவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மேற்கு மாம்பலத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். அண்ணனுக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. அவளுக்குப் பார்த்த இரண்டு வரன்களும் தட்டிப் போயின. மூன்றாவது பார்க்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. பல வருஷம் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் இந்த வேலை வந்தது.

அடையாறில் ஒரு அறக்கட்டளையிடம் பழைய கடிதங்கள் இருந்தன. இருநூறு வருஷத்துக்கு முன் சென்னையில் உட்கார்ந்து நட்சத்திரங்களை அளந்த வெல்பி என்ற வெள்ளைக்காரர் எழுதியவை. பாதி மற்ற வானியலாளர்களுக்கு, பாதி ஊர் திரும்பிவிட்ட மனைவிக்கு. எல்லாம் கோழிக் கிறுக்கல். அவற்றின் படங்கள் வடிவின் கம்ப்யூட்டருக்கு வரும். படித்து டைப் செய்ய வேண்டும். அதைச் சரிபார்ப்பவர் மயிலாப்பூரில் இருந்த கஸ்தூரிரங்கன், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், மனைவியை இழந்தவர். அதே கோப்பைத் தன் வீட்டில் திறந்து ஓரத்தில் குறிப்பு எழுதுவார். நேரில் பார்த்ததே இல்லை.

முதல் மாதமே ஒரு குறிப்பு வந்தது. நட்சத்திர அளவுகளுக்கு நடுவே வந்த ஒரு வரியை வடிவு, 'நாலு மணிக்கு மேகம் எங்களை விட்டுப் போயிற்று' என்ற பொருளில் டைப் செய்திருந்தாள்.

"அந்தச் சொல்லை இன்னொரு தரம் பாருங்கோ. க்ளவுட் இல்லை, சைல்ட்."

பெரிதாக்கிப் பார்த்தாள். குழந்தைதான். அடுத்த வரியில் அடுத்த நட்சத்திரத்தின் அளவு, கை நடுங்காமல் எழுதியிருந்தது.

"பாத்தேன் சார். இன்னைக்கு இதுக்கு மேல முடியல."

"எனக்கும்தான். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அந்தக் குழந்தை போனதற்கப்புறம்தான் வெல்பியின் மனைவி கப்பலேறியிருக்கிறாள். அவர் எழுதுவது போய்ச் சேர நாலு மாதம், பதில் வர நாலு மாதம். அவள் எழுதிய ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் என்ன கேட்டிருப்பாள் என்பதை வெல்பியின் பதிலிலிருந்து வடிவும் கஸ்தூரிரங்கனும் ஊகித்தார்கள். ஊகம் பேச்சாயிற்று. அவருடைய குளத்துத் தெருவில் தண்ணீர் லாரி வராதது, மாம்பலம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் சொத்தையாக வந்தது எல்லாம் அந்த ஓரத்தில் ஏறியது. காலையில் காப்பிக்கு முன்னால் கோப்பைத் திறப்பது அவளுக்குப் பழகிவிட்டது. நன்றாகத் தெரிந்த சொற்களுக்கும் கேள்விக்குறி போட்டு வைக்கத் தொடங்கினாள். அவர் வந்து ஒன்று எழுதுவார் அல்லவா.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஆவணி மாதம் குறிப்புகள் நின்றன. பதினோரு நாள் பொறுத்தாள். அலுவலகத்துக்கு போன் செய்தால், "சார் விலகிட்டார் மேடம், இனிமே தீபிகா பாப்பாங்க" என்றார்கள்.

முன்பு ஒருமுறை அவர் கூரியர் அனுப்பியிருந்தார். அந்த உறையில் முகவரி இருந்தது. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியவளைப் பார்த்து மதினி தங்கம், "எங்க?" என்றாள். "மயிலாப்பூர்." "கோயிலுக்கா?" வடிவு செருப்பைப் போட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மகள் ஹம்சினி. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"அப்பா பாலவாக்கத்துல எங்காத்துல இருக்கார். ரெண்டு கண்ணுலயும் விழித்திரை போயிடுத்து. எழுத்து தெரியல. நீங்க?"

"சண்முகவடிவு."

ஹம்சினி கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். "நீங்கதானா? உங்களுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

மறுநாளே வடிவு பாலவாக்கம் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் நினைத்ததைவிட ஒல்லி.

"சார், முன்னூத்து எழுபத்து ரெண்டாம் கடிதம் பாக்கி நிக்குது" என்றாள்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "படியுங்கோ. கேள்விக்குறி இல்லாம. நீங்க கேள்விக்குறி போட்டதுல பாதி உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்துப் போனாள். அண்ணன் ஒருநாள் தொண்டையைக் கனைத்தார், பிறகு விட்டுவிட்டார். அவள் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். மார்கழியில் கடிதங்கள் தீர்ந்தன. கடைசியில் வெல்பி தன் தொலைநோக்கியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, கப்பலுக்குக் காத்திருப்பதாக எழுதியிருந்தார். போய்ச் சேர்ந்தாரா என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

அதே வாரம் ஹம்சினிக்கு புனேவுக்கு மாற்றல் வந்தது. அப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

கடைசியாகப் போன அன்று வாசிக்க எதுவும் இல்லை. சமையலறையில் ஹம்சினி பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல சார்" என்றாள் வடிவு. "ஆனாலும் சொல்லணும்னு இருக்கு."

அவர் மேஜைமேல் தடவி அவள் விரல்களைக் கண்டுபிடித்தார்.

"நீங்க சொல்லணும்னுதான் நானும் காத்துண்டிருந்தேன். சொல்லிட்டேள். இருந்தாலும் போய்த்தான் ஆகணும், வடிவு."

பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. விரலை அவளாக எடுக்கவில்லை. ஹம்சினி காப்பியோடு வந்தபோதுதான் எடுத்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை நிறுத்தத்தில் அவளுக்கான பஸ் இரண்டு வந்து போயின. மூன்றாவதில்தான் ஏறினாள்.