கிலுகிலுப்பைக் கொல்லை

அடுக்குமாடித் தோட்டத்தில் இன்று வெட்டிய புல்லின் வாசனை வந்ததும், வேங்கிக்கால் ஊரில் எங்கள் கொல்லையில் அரிவாளோடு குனிந்திருந்த அம்மா நினைவுக்கு வந்தாள். பிறந்த சில நாளிலேயே இறந்த என் தம்பியைப் புதைத்த மூலையில் அவள் வேர்க்கடலை போட விடவில்லை. மலையடிவாரத்திலிருந்து தும்பை, கிலுகிலுப்பை விதைகளைக் கொண்டுவந்து தூவி, ஆடு நுழையாமல் முள் அடைத்து, "பூத்து விதை கொட்டட்டுங்க, அப்புறம் அறுக்கிறேன்" என்று வருஷா வருஷம் அப்பாவைத் தடுத்தாள். மாசிக் காற்றில் காய்ந்த கிலுகிலுப்பைக் காய்கள் கிலுகிலுவென்று குலுங்கும்போது அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஊர் அந்தப் பக்கம் வளர்ந்து மனை போட ஆரம்பித்ததும் அப்பா கொல்லையை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுத்த அன்று அம்மா மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

"அந்த மூலைல மட்டும் ஜாஸ்தி தோண்டாதீங்கண்ணா."

அவர் ஒன்றும் புரியாமல், "அங்கதாம்மா செப்டிக் டேங்க் வருது" என்றார்.