துண்டோடு நின்ற பூட்டுக்காரர்

எங்கள் குடியிருப்பில் நான்கு மாடி, ஐந்து மொழி. சண்டை மட்டும் எல்லாருக்கும் புரியும். இரண்டாம் மாடிப் பூட்டுக்காரருக்கு வாய்தான் மூலதனம் என்று அவர் மனைவியே சொல்வார். "நான் மாட்டுன பூட்டைப் பார்த்தா திருடன் கும்பிட்டுட்டுப் போயிடுவான்" என்பது அவருடைய அன்றாட வசனம்.

கீழ்வீட்டுப் பேருந்து ஓட்டுநர் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். இடிந்த மதில் அதற்குச் சாட்சி. நான்காம் மாடித் தையல்காரம்மாவுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனாலும் பூட்டுக்காரர் மனைவிக்குச் சட்டை தைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பூட்டுக்காரர் மட்டும் தன் வேலையைச் சொல்லிக்கொடுக்க மசியவில்லை.

"தொழில் ரகசியம்டி. சொல்லிக்கொடுத்தா நாளைக்கு எல்லார் வீடும் சத்திரம்தான்."

"உங்க சட்டைக்குக் காலர் யார் தயவு? வாங்கிக்க மட்டும் கை நீளுதோ?" என்றார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியிலேயே, கம்பியால் பூட்டுத் திறக்கும் வகுப்பு தொடங்கியது. ஓட்டுநர் கம்பியை ஸ்டீயரிங் மாதிரித் திருப்பினார். தையல்காரம்மா ஆசிரியரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அந்தம்மா கையில் ஒரு பழைய பூட்டு டக்கென்று திறந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார் பூட்டுக்காரர்.

அடுத்த செவ்வாய் காலை குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். அவரே பொருத்திய பூட்டு. உள்பக்கப் பிடி சும்மா சுற்றியது. சாவித் துவாரம் வெளியே, சாவி உள்ளே வாளியில் ஊறிய சட்டைப் பையில்.

"அக்கம்பக்கத்துல மூச்சு விடாத" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

மனைவி மாடிப்படியில் நின்று கூவினார்.

ஓட்டுநர் முதலில் முயன்றார். கம்பி உள்ளேயே ஒடிந்தது. தையல்காரம்மா ஊசியால் அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, கதவில் காதை வைத்தார். உள்ளேயிருந்து "இடது பக்கம்! இடது பக்கம்மா!" என்று ஒரே கத்தல். அது அவருக்குப் புரியாததும் நல்லதாகப் போயிற்று. பூட்டு வலது பக்கம்தான் திறந்தது.

துண்டோடு வெளியே வந்தவரை வராந்தா முழுக்கக் கூட்டம் வரவேற்றது. தையல்காரம்மா நாகரிகமாகக் கூரையைப் பார்த்தபடி, எங்கள் மொழியில் தன் முதல் வாக்கியத்தைச் சொன்னார்:

"பூட்டு... ரொம்ப மோசம்."

மூன்று நாள் பூட்டுக்காரர் யார் கண்ணிலும் படவில்லை. நான்காம் நாள் இன்னொரு கருவிப்பெட்டியோடு நான்காம் மாடி ஏறி, தன் பூட்டுக் கடைக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று சைகையில் கேட்டார். அந்தம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, துருப்பிடித்த இரண்டு கம்பிகளைத் தூக்கி எறிந்த பிறகே தலையாட்டினார்.

இப்போது கடைக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்தம்மா இருக்காங்களா?"

"நான் இருக்கேன்ல?" என்பார் இவர்.

"பரவால்லைங்க, காத்திருக்கோம்."