முத்திரை விழாத பாஸ்போர்ட்

வெளிநாடு போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதாக என் கடை போர்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில், போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்கிறவர்களிடம் பதில் தெரியாமல் முழிப்பதுதான் என் தொழில். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற யாருக்கும் தெரியாததா? சட்டம் போட்டவர் எங்கேயோ இருப்பார், கேள்வி மட்டும் நேரே நம்மிடம் வரும். நான் சிடுமூஞ்சி என்று ஊரில் பெயர். வள்ளிமயில் வர ஆரம்பித்தபிறகு அந்தப் பெயரைக்கூட ஒழுங்காகக் காப்பாற்ற முடியவில்லை.

ஒரு முத்திரை குறைகிறது

வள்ளிமயில் கண்டனூரில் தையல் வேலை பார்ப்பவர். அவர் கணவர் கருப்பையா தச்சர். மலேசியா போய் ஏழு வருஷம். விசா முடிந்து தங்கிவிட்டவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு, வாசலிலேயே சிரித்தபடி வந்தார். கருப்பையா அனுப்பியிருந்த பாஸ்போர்ட் படங்களைப் பெரிதாக்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். தாய்லாந்தில் இறங்கிய முத்திரை இருந்தது. மலேசியாவுக்குள் நுழைந்த முத்திரை இல்லை. கூட்டிப்போன ஏஜென்ட் படகில் ஏற்றி எல்லை ஆற்றின் அக்கரையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

விசா முடிந்தும் தங்குவது வேறு, முத்திரை இல்லாமல் எல்லை தாண்டுவது வேறு; இரண்டாவதற்கு இந்தச் சலுகை கிடையாது, பிடிபட்டால் கோர்ட், ஜெயில் என்று விளக்கினேன். அந்தச் சிரிப்பை நானே துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்:

“ஆத்தத் தாண்டுனது குத்தமாண்ணே? நீச்சல் தெரியாம, உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல தாண்டுனாக!”

பேப்பர் வாசித்தவர்

என் கடை நாற்காலி ஒன்று ரிட்டையர்டு கிளார்க் ஒருவருக்கு நிரந்தரமாகச் சொந்தம். ஜெராக்ஸ் எடுக்க வருவார், ஒரு தாளும் எடுக்காமல் பேப்பரை முழுக்க வாசித்துவிட்டுப் போவார். நம் நாட்டிலும் காகிதம் இல்லாமல் நுழைகிறவர்களுக்குப் புதுச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை என்று ஒரு நாள் உரக்க வாசித்து, “அப்படிப் போடு! கள்ளத்தனமா வர்றவன விடலாமா?” என்று தொடையில் தட்டினார்.

அடுத்த நாற்காலியில் வள்ளிமயில். தீபாவளிக்குத் தீபாவளி கணவருக்குச் சட்டை தைத்து வைப்பதாகவும், பீரோவில் ஏழு சேர்ந்துவிட்டதாகவும் அப்போதுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார். விஷயம் என்னவென்று கிளார்க்கிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். கிளம்பும்போது சொன்னார்:

“சட்டம் சரிதான் தம்பி. அந்தப் பிள்ள பக்கத்துல இருக்கையில நான் வாசிச்சதுதான் சரியில்ல.”

விட்டுப்போன வரி

மலேசியச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்று மறுவாரம் வள்ளிமயில் வந்து நின்றார். கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். அபராதம் என்றேன். ஐந்து வருஷம் வரை சிறை என்றேன். அதற்கடுத்த வரியில் ஆறு வரை பிரம்படி என்று இருந்தது. என் கண் அதைத் தாண்டி ஓடிவிட்டது. வாய் “அவ்வளவுதாம்மா” என்றது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மூஞ்சி போலிருக்கிறது. பிரம்படி உண்டென்பதைக் கருப்பையா போனில் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும்; வள்ளிமயில் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்:

“அடி எத்தனைன்னு வாசிக்காம விட்டுட்டீகளே, வாசிங்கண்ணே.”

இரண்டு வயது

ஐம்பது தாண்டிய ஆண்களுக்குப் பிரம்படி இல்லை என்று வாசித்ததும் நானே உற்சாகமாகிவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் கருப்பையாவுக்கு நாற்பத்தெட்டு. அந்தப் பிறந்த தேதியை நிரப்பியது யார்? அடியேன்தான். பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்ததைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தேன். அந்தக் காலத்தில் ஹெட்மாஸ்டர் பையனைப் பார்த்து, வாய்க்கு வந்த தேதியை எழுதியிருப்பார்.

மறுநாளே வள்ளிமயில் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டோடு வந்தார். அதன்படி கருப்பையாவுக்கு ஐம்பத்தொன்று. கோர்ட்டுக்கு ஜாதகம் செல்லாதம்மா என்றேன். ஆனாலும் கட்டங்களை ஸ்கேன் செய்து, இங்கிலீஷில் மனு அடித்து, மலேசியாவில் இருக்கும் நம் தூதரகத்துக்கு அனுப்பினேன். பாஸ்போர்ட் படிவம் நிரப்பிய அன்றைக்கே மூன்று வயதைக் கூட்டிப் போட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு மனுஷனுக்கு இரண்டு வயது எப்படி என்று வள்ளிமயிலிடமே கேட்டேன்.

“பள்ளிக்கூடத்து வயசு காயிதத்துக்குண்ணே. அடி வாங்கப் போறது ஒடம்புல்ல?”

போனில் ஒரு பதில்

மனுவுக்குப் பதில் வரவில்லை. கருப்பையாவின் போன்தான் வந்தது. வள்ளிமயில் கடையில் வைத்தே ஸ்பீக்கரில் போட்டார். “ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப் போச்சு வள்ளி. நானாவே போலீஸ்ல போய் நிக்கப் போறேன். நீ வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு” என்றார் கருப்பையா.

ஏழு வருஷமாக எப்ப வாரீக, எப்ப வாரீக என்று கேட்ட மனுஷி. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. போன் கட்டானபிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

“அடி வாங்கிட்டு வாங்கன்னு எந்த வாயாலண்ணே சொல்றது?”

தீர்ப்பு

அவர் சொல்லாமலே கருப்பையா போய் நின்றுவிட்டார். கூட வேலை பார்த்தவர் தீர்ப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். எட்டு மாதம் சிறை, ஒரு பிரம்படி, முடிந்ததும் ஊருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஜாதகம் யார் கைக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அடி என்ற இடத்தில் வள்ளிமயில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திட்டுவார், அழுவார் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைக் கேட்டு வாங்கி, விரல் விட்டு எண்ணினார். பங்குனியில் வந்து நின்றது விரல்.

“ஏழு வருசமா யாருமே எனக்கு ஒரு தேதி சொன்னதில்லண்ணே, இப்பத்தான் சொல்லியிருக்காக.”

இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த மனுஷிக்கு நான் வாங்கித் தர முடியாத ஒரே ஒரு தேதியை, அடியோடு சேர்த்து ஒரு கோர்ட் தந்துவிட்டதென்றால், என் போர்டில் வேறு என்னதான் எழுதி வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.