கயிறு கட்டிக் காத்த பிக்னிக் பெட்டி

கேட்டரிங் கம்பெனியில் நான் சர்வீஸ் சூப்பர்வைசர் ஆன புதிதில் வந்த ஆர்டர் அது. பொம்மசந்திராவில் தொழிற்சாலை தொடங்கிய ஒரு ஜப்பான் கம்பெனி, கேன்டீன் கான்ட்ராக்டை எங்களுக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் தோட்டத்தில் ஒரு மதிய விருந்து கேட்டது.

இயக்குநரின் மனைவி அகிகோ மேடம், பரிமாறத் தன் சொந்தப் பெட்டியை முந்தின நாளே அனுப்பியிருந்தார். நாலடுக்கு மரப்பெட்டி. ஏதோ மரத்தின் பாலைப் பலமுறை பூசி மெருகேற்றிய கறுப்பு. பார்த்தால் முகம் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடவென்றே அங்கே இப்படிச் செய்வார்களாம். எங்கள் ஆட்கள் அரக்குப் பூசிய சென்னபட்டணா மரப்பொம்மைச் சாமான் என்று நினைத்தார்கள்.

கன்னடக்காரரான மேனேஜர் பிரகாஷ் சார் அதன் விலையை இன்டர்நெட்டில் பார்த்துவிட்டார்.

“ரோஸி, இதுமேல ஒரு சொட்டு சாம்பார் பட்டாலும் கான்ட்ராக்ட் போச்சு. யாரும் தொடக்கூடாது, ஆயித்தா?”

“சாப்பாடு வைக்கத்தானே சார் குடுத்திருக்காங்க?”

“அது ஒரு மரியாதைக்கு.”

ஆகவே பெட்டிக்குத் தனி மேஜை, சுற்றிலும் கயிறு, காவலுக்கு ஒரு செக்யூரிட்டி. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று புல்வெளி நடுவில், உச்சி வெயிலில் வைத்தோம். விருந்தினர்களுக்கு நிழலும் பாக்குமட்டைத் தட்டும்.

மேடம் வந்தார். மேஜையைப் பார்த்து முகம் வெளுத்தது. இது சாப்பாட்டுக்குப் பயப்படாது, வெயிலுக்குத்தான் பயப்படும் என்று மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். எடுக்கப் போனவரை, உத்தரவுப்படி, செக்யூரிட்டி கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னார்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். மூடி கையில் சுட்டது; வேலை போனது என்றே நினைத்தேன். நிழலில் வைத்து மேடம் விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். வெடிப்பு ஏதுமில்லை. பிறகு புல்லில் உட்கார்ந்து, புளியோதரையை அதில் வைக்கச் சொன்னார். இயக்குநர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கான்ட்ராக்ட் கிடைத்தது. காரணம் எங்கள் ‘சிறப்புக் காட்சி ஏற்பாடு’ என்று சார் ரிப்போர்ட் எழுதினார்.

மறு வருட விருந்துக்கு, எல்லோருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஜப்பான் பெட்டி வாங்கினார். நாங்களெல்லாம் அதில் சாப்பிட்டோம். அகிகோ மேடம் சிவாஜிநகரில் வாங்கிய எவர்சில்வர் டிபன் கேரியரோடு வந்தார்.

விருந்தாளிக்கு என்ன பிடிக்கும் என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். இந்தத் தொழிலில் நான் கற்றது அதுதான். மீட்டிங்கிலும் சொன்னேன். அதைப் பற்றிப் பேச இன்னொரு மீட்டிங் வைத்தார்கள்.