கம்பியை விட்டு இறங்காத எலி

கஞ்சாவில் இருக்கும் கன்னாபினாய்டு என்ற பொருள் மூளையை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. காலையில் ஆம்பூரில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, பகல் முழுக்க வெள்ளெலிகளோடு கிடப்பேன். எலிக்கு ஊசி போட்டு, அதன் முன்னங்கால் இரண்டையும் ஒரு கம்பியின்மேல் தூக்கி வைப்பேன். சாதாரண எலி உடனே இறங்கி ஓடிவிடும். மருந்து ஏறிய எலி இறங்காது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வைத்தது வைத்தபடி நிற்கும். எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் பார்த்து எழுதுவேன். முதல் தடவை நானே எலியை இறக்கிவிட்டேன். பிறகு பழகிவிட்டது.

வீட்டில் என் தம்பியும் அப்படி ஆனான். அவனுக்குத் தோல் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வந்து, டீ டம்ளரோடு என் பக்கத்தில் உட்காருவான். குடிக்கமாட்டான். டீயில் ஆடை கட்டிவிடும். சிவந்த கண்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடம் அசையவில்லை. அன்றிலிருந்து தினமும் பார்த்தேன்.

"கஞ்சா அடிக்கிறியாடா?"

"இல்லக்கா."

"ரெண்டு வருஷமா இதத்தான்டா படிக்கிறேன். என்கிட்டயே கத உடறியா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போகமாட்டேன் என்றபோதெல்லாம், அதுவும் போதையால் வரும் சோம்பல்தான் என்று நானே அவனைக் கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு ரயிலைப் பிடித்தேன். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் கரைசல் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். எண் மட்டும்தான் இருக்கும். அந்த மாதம் பட்டியலைப் பிரித்தபோது, வெறும் கரைசல் போட்ட எலிகளும் கம்பியை விட்டு இறங்காமல் நின்றிருந்தது தெரிந்தது. நான் எலிகளை மாற்றி எடுத்துவிட்டேன் என்று என் பேராசிரியர் கத்தினார். ரோஷம் வந்து, ஊசியே போடாத ஓர் எலியை எடுத்துக் கம்பியில் வைத்தேன். நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்போதுதான் கவனித்தேன், அறையில் எந்தக் கூண்டிலும் சத்தம் இல்லை. ஒன்றுகூட மரத்தூளைக் கிளறவில்லை. எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எலிகளுக்குத் தீனி வைக்கும் அம்மா கதவருகே நின்றிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். உங்க கோட்டு ஒரே தோல் நாத்தம். நீங்க உள்ள வந்தாலே இதுங்க பயத்துல அப்டியே மரத்துப் போய்டுது. இன்னா பண்ணும், பாவம்."

கோட்டை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆம்பூரின் தோல் வாடையிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு! அந்த மாதம் முழுக்க, தம்பியின் வேலைச் சட்டை ஊறும் பக்கெட்டில்தான் என் கோட்டையும் ஊறவைத்திருந்தேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்து அதே எலியைக் கம்பியில் வைத்தார். இறங்கி ஓடிவிட்டது.

மருந்து இல்லை, பயம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முதல் ரயிலில் ஊருக்குத் திரும்பினேன்.

தம்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"எதப் பாத்துடா பயப்படற?"

டீ தளும்பிக் கையில் கொட்டியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"கழிவுத் தொட்டிக்கா. போன மாசம் கழுவ எறங்கினவரு வெஷவாயு அடிச்சு மேல வரல. நான்தான் கயித்தப் புடிச்சிக்கினு இருந்தேன். வெளிய ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு என் மொற."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் தெனம் உன் பக்கத்துல வந்து ஒக்காந்தேன். நீ போன்ல டைம் பாத்துக்கினு இருந்த."

உள்ளேயிருந்து அம்மா, காலையில் அவனை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டாள்.

"எழுப்பாதம்மா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்துபோய் மறுபடியும் சொன்னேன்.