மாடி வெயில் கேட்கிற வேலை

கடைக்காரரே வீட்டுக்கு ஆள் அனுப்பி, "எங்க சரக்கைக் கொஞ்சமா வாங்குங்க, முடிஞ்சா நீங்களே செஞ்சுக்குங்க" என்று சொல்லச் சொன்னால், அந்த ஆளை ஊர் எப்படிப் பார்க்கும்? என்னை அப்படித்தான் பார்க்கிறது. விருத்தாசலத்தில் கரண்டு ஆபீஸுக்காகத் தெருத் தெருவாகப் போய், கரண்டை மிச்சம் பிடியுங்கள், மாடியில் சோலார் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது என் வேலை. அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சம்பாதிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பாதி சொல்லும்போதே உங்களுக்கு மீதி புரிந்துவிடும்.

நான் எட்டாவதோடு நின்றவள். இதற்கு முன்னால் பீங்கான் பட்டறையில் ஸ்பாஞ்சு வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானின் ஓரத்தை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். சாமான் நம்மிடம் ஒன்றும் கேட்காது, நாமும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பொழுது சாய்ந்துதான் விடுவார்கள். என் மகள் யாழினி நாலு மணிக்கே ஸ்கூல் விட்டு வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரண்டு ஆபீஸ் வேலையில் அவள் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வந்தேன்.

வந்த பிறகுதான், இது வாயால் செய்கிற வேலை என்று தெரிந்தது. புது ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. கூட வருகிற ராஜேஸ்வரியக்கா பேசுவார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். எங்களைப் பார்த்துக்கொள்கிற மேடம் நல்லவர்தான். அவரே ஒருநாள் கூப்பிட்டு, "தனம், பை தூக்கறதுக்கு ஒரு ஆளு போட முடியாதும்மா. கார்த்திகை முடியறதுக்குள்ள உங்க தெருவுல ஒரு வூட்டையாவது நீங்களா பேசி சோலாருக்கு ஒத்துக்க வையுங்க. இல்லேன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். எனக்கு உடனே யாழினியும் பூட்டின கதவும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சத்தம் அடங்கிய வீடு

நான் முதன்முதலாகப் போன வீடு இது. வாசலில் நிற்கும்போதே உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம், டிவி சத்தம், பின்னால் தண்ணி மோட்டார் சத்தம். ராஜேஸ்வரியக்கா கதவைத் தட்டி, "கரண்டு ஆபீஸ்லேர்ந்து வரோம்மா" என்றார்கள். மிக்ஸி நின்றது. டிவி நின்றது. மோட்டார் நின்றது. ஹாலில் எரிந்த லைட்டும் அணைந்தது. அந்தம்மா பாதி அரைத்த சட்னி ஜாரைக் கையில் பிடித்தபடி வந்து, "நாங்க ஒண்ணும் போடறதில்லீங்களே" என்றார். தலைக்கு மேலே, அணைத்த ஃபேன் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் பிடுங்க வரவில்லை என்று புரிய வைப்பதற்குள் ராஜேஸ்வரியக்காவுக்கு வேர்த்துவிட்டது. அந்த அரை இருட்டிலேயே உட்கார்ந்து, ஆளில்லாத ரூமில் லைட்டை அணைக்க வேண்டும், பழைய குண்டு பல்பை மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்னி ஜாரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தெனமும் வந்து ஒக்காந்துட்டுப் போனீங்கன்னாக்கா எங்க வூட்ல கரண்டே செலவாவாதுங்க."

ஓடுகிறதா இல்லையா

கருவேப்பிலங்குறிச்சியில், பாதி கரண்டிலேயே ஓடுகிற புது மாதிரி ஃபேன் ஒன்றைக் காட்டுவதற்காக மாட்டி வைத்திருந்தோம். நெல்லு வயலும் கரும்பும் வைத்திருக்கிற ஒரு பெரியவர், வீட்டம்மாவோடு பார்க்க வந்தார். ஃபேனுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இது ஓடுதா?" என்று கேட்டார். அவருடைய துண்டு பறந்துகொண்டிருந்தது. ஓடுதுங்க என்றார்கள் ராஜேஸ்வரியக்கா. "சத்தத்தையே காணமே" என்றார். அதுதாங்க நல்ல ஃபேன் என்றார்கள்.

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வூட்டு ஃபேனு கடகடன்னு ஓடும். சத்தம் நின்னா கரண்டு போயிடுச்சின்னு தெரிஞ்சி எழுந்து வாசல்ல வந்து படுத்துக்குவேன். இதப் போட்டா, கரண்டு போனதே தெரியாம வேர்த்துக்கிட்டுத் தூங்கணுமா?" என்று கேட்டார். பின்னால் நின்ற வீட்டம்மா முன்னால் வந்து, புருஷனைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கு ஒரு ஃபேனு சொல்லிடுங்கம்மா. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அந்த ஃபேனும் இவரு கொறட்டையும். ரெண்டுல ஒண்ணாச்சும் நிக்கட்டும்."

நடுவில் இருப்பவர்

ஊர் மாடியைக் கேட்பதற்கு முன்னால் நம்ம மாடியில் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. எங்கள் ஆபீஸ் மாடியில் முதலிலேயே வரிசையாகப் பேனல் போட்டாயிற்று. பகலில் அதில் வருகிற கரண்டு ஆபீஸுக்குப் போக, மீதி கம்பி வழியாக ஊருக்குப் போகும். வருகிறவர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப் போய் ராஜேஸ்வரியக்கா பெருமையாகக் காட்டுவார்கள்.

ஒருநாள் காலையில் காற்றடித்து ஒரு மரக்கிளை ஒயரில் விழுந்துவிட்டது. மத்தியானம் பளிச்சென்று வெயில் வந்தும் எங்கள் பக்கம் முழுக்கக் கரண்டு இல்லை, ஆபீஸிலும் இல்லை. நாங்கள் வாசலில் விசிறிக்கொண்டு நிற்பதை எதிர் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, மேல சூரியன் இருக்குது, கீழ நீங்க இருக்கீங்க. நடுவுல கரண்டு எங்க போச்சி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் படியில் ஒண்டிக்கொண்டேன்.

பேட்டரி வைக்காத சோலார் அப்படித்தான். லைனில் கரண்டு நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் பேனலில் வருகிற கரண்டு கம்பியில் ஏறி, ரிப்பேர் பார்க்கிறவரை அடித்துவிடும். மேடம் இதைப் படம் போட்டு எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். ராஜேஸ்வரியக்கா படம் எதுவும் போடவில்லை. அவர்களுடைய வீட்டுக்காரர் லைன்மேன். தெருக்கோடியில் ஏணி சாத்தியிருந்த போஸ்ட்டைக் கை காட்டிச் சொன்னார்கள்: "நடுவுல எங்க வூட்டுக்காரரு இருக்காருண்ணே. அவரு கீழ எறங்கட்டும், அப்பறம் கரண்டு வரட்டும்."

டீக்கடைக்காரர் போஸ்ட் பக்கம் பார்த்தார். அவருக்கு அனுப்பச் சொல்லி ஒரு டீ தந்தார். எங்களுக்கும் தந்தார்.

அகல் காயும் இடம்

பீங்கான் பட்டறைக்காரர்களுக்குக் கார்த்திகை மாசம் வந்தால் ரெண்டு கஷ்டம். அகல் விளக்குக்கு ஆர்டர் அப்போதுதான் குவியும், மழையும் அப்போதுதான் வரும். ஈர அகல் காயாமல் சூளைக்குள் போனால் வெடித்துவிடும். நான் முன்னால் வேலை பார்த்த பட்டறை மாடியில் புதிதாகச் சோலார் போட்டிருந்தார்கள். கொஞ்ச நாளாகக் கரண்டே சரியாக வரவில்லை, பேனல் மட்டம் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். ராஜேஸ்வரியக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன்.

மாடி ஏறிப் பார்த்தால், பேனலே கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே முழுக்க அகல், வரிசை வரிசையாக. பக்கத்தில் என் பழைய கூட்டாளி மலர், தட்டில் இன்னும் அகலோடு நின்றாள். "வெயில் வந்தா இந்தக் கண்ணாடி சும்மா தோசைக்கல்லு மாதிரி சுடுதுடி. தரையில வெச்சா ரெண்டு நாளாவுது, இதுல வெச்சா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடுது" என்றாள். கண்டுபிடித்தது அவள்தான். முதலாளி மாடி ஏறுவதே இல்லை. நான் கீழே போய்ச் சொன்னால் மலருக்குத் திட்டு விழும். சொல்லாவிட்டால் பேனல் மட்டம் என்று பேராகிவிடும்.

மலரிடம் என்றால் எனக்குப் பேச்சு வரும். "நீ அகல் வெச்சா அதுக்குக் கண்ண மூடின மாதிரிடி. வெயிலத் தின்னாத்தான் அது கரண்டு குடுக்கும்" என்றேன். அப்புறம் ரெண்டு பேருமாகக் குனிந்து பேனலுக்கு அடியில் பார்த்தோம். தூறல் படாத இடம், ரெண்டு பக்கமும் காற்று போகிற இடம். அங்கே பலகை போட்டு அகலை எல்லாம் மாற்றினோம். கொஞ்சம் மெதுவாகத்தான் காயும், ஆனால் கீறல் விடாது. நான் பேனலை ஈரத் துணியால் துடைத்தேன். கைக்குப் பழகின வேலை. கீழே இறங்கி முதலாளியிடம், "தூசிங்க. தொடச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். படியில் மலர் என் காதருகே வந்து சொன்னாள்: "மேல கரண்டு, கீழ அகலு. ஒரு மாடிய ரெண்டு குடித்தனத்துக்கு விட்ட மாதிரி ஆச்சிடி."

வள்ளியக்கா மாடி

கார்த்திகை முடியப் போனது. எங்கள் தெருவில் எல்லாம் ஓட்டு வீடு, கூரை வீடு. மாடி என்றால் வள்ளியக்கா வீடு ஒன்றுதான். வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறவர். அவர் வாய்க்குப் பயந்து காய்கறி வண்டிக்காரரே அந்த வீட்டு வாசலில் மணி அடிக்க மாட்டார். சோலார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், எங்கள் ஆபீஸிலிருந்தே வேறு ஆட்களும் வந்தார்கள். எல்லாரையும் வாசலோடு அனுப்பிவிட்டார்.

நான் முதல்நாள் போனபோது, "என்னடி?" என்றார். எனக்கு வந்தது ஒரே வார்த்தைதான். "மாவு அரைக்கணும்க்கா." "ஊற வெச்சியா?" "இல்லக்கா." "ஊற வெக்காம எதடி அரைக்கிறது, ஒன் தலையையா?" திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் நிஜமாகவே அரிசி ஊற வைத்து எடுத்துப் போனேன். மாவு அரைத்துத் தந்தார், வாங்கிக்கொண்டு வந்தேன். ராத்திரிக்கு இட்லி. "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் தட்டில் இன்னும் ரெண்டு இட்லி வைத்தேன்.

அடுத்த நாள், யாழினியின் யூனிபாரத்தைத் துவைத்து எடுத்துக்கொண்டு வள்ளியக்கா மாடிக்குப் போனேன். சோலாருக்காகப் போகவில்லை. எங்கள் தெருவுத் துணி எல்லாம் அங்கேதான் காயும். பின்னாலேயே வள்ளியக்கா படியேறி வந்தார்.

"ஒங்க ஆபீஸு ஆளுங்கள எல்லாம் முடியாதுன்னு அனுப்பிட்டேன். ஏன்னு கேளு" என்றார்.

நான் கிளிப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"வாயத் தொறந்து கேளுடி."

"ஏன்க்கா?"

"கிரைண்டரு வெச்சிருக்கிற எனக்குக் கரண்டு மிச்சமானா கசக்குமா? மாடி பூரா கண்ணாடியப் போட்டு மூடிட்டா நீங்கள்ளாம் துணிய எங்க காய வெப்பீங்க? ஒம் பொண்ணு ஈர யூனிபாரத்தோடயா ஸ்கூலுக்குப் போவும்?"

என் வேலைக்குக் குறுக்கே நின்றது என் வீட்டுத் துணியே என்று அப்போதுதான் தெரிந்தது. கொடியில் அந்தச் சின்னப் பாவாடை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு மலருடைய அகல் ஞாபகம் வந்தது. பேச்சு நின்றுபோவதற்குள் சொல்லிவிட்டேன்: "ஒசரமா காலு வெச்சிப் போடச் சொல்லலாம்க்கா. அடியில கொடி கட்டிக்கிறோம். தூறலுக்கும் நனையாது."

வள்ளியக்கா மாடியை ஒரு சுற்று பார்த்தார். தலைக்கு மேலே கையை நீட்டி உயரம் பார்த்தார். "வெயிலு நல்லா வுழறது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் தென்கிழக்கு மூலையைக் காட்டி, "யூனிபாரம் அங்கதான் சீக்கிரம் காயும்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

பேனல் மாட்டி முடித்த அன்றைக்கு மேடமே பார்க்க வந்தார். உயரமான இரும்புக் கால்கள் மேல் பேனல், அடியில் தெருவுத் துணி முழுக்க. நாலு மணிக்கு வந்த யாழினி, பையோடு அந்தத் துணிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடினாள். மேடம் என்னைப் பார்த்தார், வள்ளியக்காவைப் பார்த்தார். "யாரு சொல்லியும் கேக்கலியாமே நீங்க. தனம் அப்படி என்னதான் பேசினாங்க?" என்று கேட்டார். வள்ளியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இதெங்கம்மா பேசிச்சி? மொத்தமே நாலு வார்த்த. வாய் ஓயாம பேசனவங்களைத்தான் நான் வாசலோட அனுப்பிட்டனே."

இப்போது நாலு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது, பேச வராத எனக்குப் பேசுகிற வேலை நிலைத்துவிட்டது, ஊருக்கெல்லாம் வெயிலைப் பிடித்துக் கொடுத்ததில் என் வீட்டுத் துணிதான் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகக் காய்கிறது.